கிழக்கு வாயில், மேற்கு வாயில்: ஓர் இணையரின் கடைசி நகரமாக மதுரை

"உலகம் சுற்றுதல்" என்ற தொடர் இன்றைய தமிழில் விமானச் சீட்டையும் கடவுச்சீட்டில் விழும் முத்திரைகளையும் நினைவுக்குக் கொண்டுவருகிறது, ஏ. கே. செட்டியாரின் "உலகம் சுற்றும் தமிழன்" என்ற பயண நூலும், 1973-இல் வெளிவந்த "உலகம் சுற்றும் வாலிபன்" என்ற திரைப்படமும் அப்பொருளையே மக்கள் நாவில் நிலைபெறச் செய்தன. ஆனால் தமிழ் மரபு இத்தொடரை வேறு இரு வகைகளிலும் அறிந்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, தாய் தந்தையரை வலம் வந்து உலகையே சுற்றியதாகக் கணக்குக் காட்டிக் கனியைப் பெற்றுக்கொண்ட விநாயகரின் கதையில் உள்ளது. மற்றது இலக்கணத்தில் உள்ளது. தொல்காப்பியம் நிலத்தைப் பகுக்கும்போது காடு, மலை, வயல், கடற்கரை மணல் ஆகிய நான்கையும் தனித்தனியே "உலகம்" என்ற சொல்லாலேயே சுட்டுகிறது. முல்லை ஓர் உலகம், குறிஞ்சி ஓர் உலகம், மருதம் ஓர் உலகம், நெய்தல் ஓர் உலகம். இந்தக் கணக்கின்படி, கடற்கரையில் புறப்பட்டு வயலையும் காட்டையும் கடந்து மலையில் முடிகிற ஒரு நடைப்பயணம் உலகச் சுற்றுப்பயணமே ஆகும். அத்தகைய பயணம் ஒன்றைக் கணவனும் மனைவியுமாக மேற்கொண்ட இருவரைத் தமிழர் அனைவரும் அறிவர். அவ்விருவரும் சேர்ந்து கண்ட கடைசி நகரம் மதுரை.

சேர்ந்து கண்டார்களா என்பதே இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் கேள்வி. கோவலன், கண்ணகி என்ற அவ்விருவரின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் அரசவை வழக்கிலும் அதற்குப் பின் எழுந்த தீயிலுமே நின்றுவிடுகின்றன. பட்டிமன்ற மேடைகள் கண்ணகியையும் மாதவியையும் எதிரெதிரே நிறுத்தியே பல பத்தாண்டுகளைக் கழித்துவிட்டன. காப்பியத்தின் நடுப்பகுதி ஒரு பயண நூலாகவும் அமைந்திருப்பதும், அப்பயணத்தின் இறுதி நகரை இளங்கோவடிகள் ஒரு தனித் திட்டத்துடன் வரைந்திருப்பதும் அந்த ஆரவாரத்தில் மறைந்துபோகின்றன.

முப்பது காதைகளைக் கொண்ட இக்காப்பியத்தில் பத்தாவது "நாடுகாண் காதை", பதினொன்றாவது "காடுகாண் காதை", பதினான்காவது "ஊர்காண் காதை". காதை என்பது காப்பியத்தின் உட்பிரிவு. கதையை நடத்திச் செல்லும் வேறு காதைகளுக்கு நிகழ்ச்சியின் பெயரோ இடத்தின் பெயரோ தலைப்பாக நிற்க, இம்மூன்றுக்கு மட்டும் "காண்" என்ற வினை தலைப்பில் வந்து அமர்கிறது. நாட்டைக் காண்பது, காட்டைக் காண்பது, ஊரைக் காண்பது என்ற அடுக்கில் முதல் இரண்டையும் இருவரும் உடனிருந்து காண்கின்றனர். மூன்றாவதில் கோவலன் தனியே காண்கிறான். கண்ணகி மதிலுக்கு வெளியே, வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகளின் பாதுகாப்பில் இருக்கிறாள்.

முதலில் வழியைச் சற்றுப் பார்ப்பது தேவை. காவிரி கடலோடு கலக்கும் புகாரிலிருந்து இருவரும் பொழுது புலர்வதற்கு முன்னரே, ஊரறியாமல் வெளியேறுகின்றனர். இழந்த பொருளைக் கண்ணகியின் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையில் மீட்பது கோவலனின் எண்ணம். "முதல்" என்பது இங்கு வணிகர் வாயில் வழங்கும் பொருளில், அதாவது தொழிலில் இறக்கும் பணம் என்ற பொருளில் வருகிறது. ஊரைத் தாண்டிச் சிறிது தொலைவு நடந்த உடனேயே கண்ணகி மூச்சு வாங்க, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் "ஆறைங்காதம்" என்று விடை சொல்கிறான். காதம் என்பது பழைய நீட்டலளவை. ஆறும் ஐந்தும் பெருக்கி முப்பது காதம் என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம், ஆறோ ஐந்தோ காதம் என்று கேட்பவர் காதில் விழவும் இடமுண்டு. பொய் சொல்லாமலே தொலைவைக் குறைத்துக் காட்டும் இந்தச் சொல்லைத் தேர்ந்த புலவரின் கைத்திறம் உரையாசிரியர்களை மகிழ்வித்திருக்கிறது. இன்றைய சாலைகளில் திருச்சிராப்பள்ளி வழியாகப் பூம்புகாரிலிருந்து மதுரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பேருந்தில் பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கும்போது பெற்றோர் தரும் விடையும் பெரும்பாலும் ஆறைங்காதமாகவே இருக்கிறது.

காவிரியின் வடகரையில் ஒரு பள்ளியில், அதாவது சமணத் துறவியர் உறையும் இடத்தில், கவுந்தியடிகள் இவர்களுடன் சேர்ந்துகொள்கிறார். அவருக்கும் மதுரை போகவேண்டும். அங்குள்ள பெரியோரிடம் அருகனின் அறவுரை கேட்கவேண்டும் என்ற நெடுநாள் விருப்பம் அவருடையது. ஆக ஒரே வழியில் மூவர் போகின்றனர், மூவர் நோக்கமும் வேறு. கோவலனுக்கு வணிகம், கவுந்திக்கு அறம். கண்ணகிக்கு எனத் தனி நோக்கம் எதையும் காப்பியம் சொல்வதில்லை. கணவன் எழுக என்றான், அவள் எழுந்தாள்.

உறையூரைக் கடந்தபின் மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்பட்டு வழி சொல்லும் பகுதி, தமிழில் எழுதப்பட்ட வழிகாட்டி உரைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கொடும்பை என்னும் ஊரின் நெடுங்குளக் கரையில் வழி மூன்றாகப் பிரிவதாகவும், அப்பிரிவு சிவபெருமான் கையிலுள்ள சூலத்தின் தோற்றத்தை ஒத்திருப்பதாகவும் அவன் விளக்குகிறான். கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர் என்பதே பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. வலப்பக்க வழி வறண்ட நிலங்களையும் சிறுமலையையும் ஒட்டிச் செல்வது. இடப்பக்க வழி திருமால்குன்றமாகிய அழகர்மலையைத் தொடுவது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி. நிலப்படத்தை விரித்துத் தெற்கு நோக்கி நிற்பவருக்கு இச்செய்தி வியப்பைத் தரும். வலக்கையில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையும், இடக்கையில் மேலூர்ப் பக்கத்து அழகர்மலையும், நடுவில் நத்தம் பகுதியும் அப்படியே கிடக்கின்றன. காப்பியக் கற்பனை என்று இவ்வழிகளைத் தள்ளிவிட முடியாமல் செய்வது இந்தப் பொருத்தமே.

அழகர்மலை வழியில் மூன்று பொய்கைகள் உண்டென்றும், ஒன்றில் மூழ்கினால் ஐந்திரம் என்னும் இலக்கண அறிவும், இன்னொன்றில் பழம்பிறப்பின் அறிவும், மூன்றாவதில் நினைத்த பொருளும் கிட்டுமென்றும் மறையவன் ஆசை காட்டுகிறான். கவுந்தி அதற்கு மசியவில்லை. இலக்கணம் அருகன் அருளிய நூலிலேயே கிடக்கிறது, முற்பிறப்பின் பயன் இப்பிறப்பிலேயே கண்ணெதிரே தெரிகிறது, வாய்மை தவறாதவருக்குக் கிட்டாத பொருள் எது என்று கேட்டு அவனை வழியனுப்பிவிடுகிறார். சுற்றுலாத் தலங்களில் வழிகாட்டியின் புகழுரையை அமைதியாகக் கேட்டு, மரியாதை குறையாமல் மறுத்துவிட்டுத் தம் வழியே நடக்கும் பயணிகளின் மூதாட்டி என்றே கவுந்தியடிகளைச் சொல்லலாம்.

நடுவழியில் கானுறை தெய்வத்தின் மயக்கும், வேட்டுவராகிய எயினர் ஊரில் கொற்றவை வழிபாடும் கழிந்தபின், வெயிலின் கொடுமையைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்பதால் மூவரும் நிலவொளியில் இரவுப் பயணம் மேற்கொள்கின்றனர். பாண்டி நாட்டில் இரவில் நடந்தாலும் புலியோ பாம்போ பேயோ தீங்கு செய்யாது என்று மன்னனின் செங்கோலைப் புகழ்ந்து அவர்கள் நடப்பதில் உள்ள முரண், முடிவை அறிந்து படிப்பவர்க்கே உறைக்கும். இவ்விடத்தில் ஒரு மடல் வருகிறது. மாதவி விடுத்த ஓலையைக் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்து சேர்க்கிறான். அதைப் படித்துத் தவறு தன்னுடையதே என்று தெளிந்த கோவலன், விடை எழுதுவதில்லை; வாசகம் தான் பெற்றோருக்கு எழுதவேண்டியதற்கும் பொருந்தி வருவதைக் கண்டு, அதே ஓலையைப் பெற்றோரிடம் சேர்ப்பிக்கச் சொல்லிக் கோசிகனிடமே திருப்பித் தருகிறான். பிரிந்த காதலி எழுதிய மடல், மகன் வீட்டுக்கு எழுதிய கடைசி மடலாக உருமாறிப் புகார் திரும்புகிறது. பயண இலக்கியத்தில் இதற்கு இணையான ஒரு மடலைச் சுட்டுவது எளிதன்று.

மதுரை முதலில் மூக்குக்குத்தான் தெரிகிறது. வழியில் எதிர்ப்பட்ட பாணர்களோடு அமர்ந்து யாழைத் திருத்தி இசைத்த கோவலன், மதுரை இன்னும் எத்தனை காதம் என்று அவர்களைக் கேட்கிறான். புகார் எல்லையில் கண்ணகி கேட்ட கேள்வி இப்போது அவன் வாயிலிருந்து வருகிறது. பாணர்கள் காதக் கணக்கு எதையும் சொல்வதில்லை, காற்றைக் காட்டுகின்றனர். அகிலும் சந்தனமும் பூந்தாதும் மட்டும் அன்றி, சமையற்கட்டுகளின் தாளிப்புப் புகையும், அங்காடியில் அப்பம் சுடுவோரின் அடுப்புப் புகையும், வேள்விப் புகையும் கலந்த தென்றல் வந்துவிட்டது, இனி ஊர் தொலைவில் இல்லை என்பது அவர்கள் விடை. ஒரு நகரத்தின் எல்லையை அதன் அடுப்புகளைக்கொண்டு அளந்த இந்த அளவைமுறை இன்றும் செல்லும். இரவு பத்து மணிக்குமேல் மாட்டுத்தாவணியில் பேருந்திலிருந்து இறங்குபவருக்குப் பரோட்டாக் கல்லின் ஓசையும் சால்னாவின் மணமும், பெயர்ப்பலகையைப் படிக்கும் முன்பே ஊரைச் சொல்லிவிடுகின்றன.

வையைக் கரையில் பெருந்துறை இருந்தது. குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்துச் செய்த ஓடங்கள் அங்கே மக்களை ஏற்றிச் சென்றன. ஆனால் மூவரும் அத்துறையைத் தவிர்த்து, ஒரு மரப்புணையில், அதாவது மிதவையில், தென்கரையை அடைகின்றனர். ஆறு தன் மேனி முழுவதும் பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொண்டதாகவும், மதிற்கொடிகள் வரவேண்டாம் என்று கைகாட்டியதாகவும் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் சாக்கடை நீருமாகக் கிடக்கும் இன்றைய வைகையைக் கோரிப்பாளையத்துக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவே, 1889-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு, புணையில் கடக்கவேண்டிய ஆறு என்பதே நம்ப முடியாத செய்தியாகத் தோன்றும்.

தென்கரையில் அவர்கள் தங்கிய இடத்துக்குப் புறஞ்சேரி என்று பெயர்: மதிலுக்கு வெளியே துறவியரும் அறவோரும் வாழ்ந்த பகுதி. அங்கே கண்ணகியைக் கவுந்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவலன் ஊர் பார்க்கப் போகிறான். வாள் ஏந்திய யவனக் காவலர், அதாவது மேலைக் கடல் நாடுகளிலிருந்து வந்த கூலிப்படையினர், வாயிலில் நிற்கின்றனர். அவர்கள் ஐயுறாதபடி அவன் உள்ளே நுழைந்துவிடுகிறான். முதல் நாள் எந்தக் காவலனின் ஐயத்துக்கும் ஆளாகாத அயலூரான், மறுமுறை அதே ஊரில் ஐயத்தின் பேராலேயே வெட்டப்படுகிறான் என்பதைக் காப்பியம் வெளிப்படையாக இணைத்துக் காட்டவில்லை, படிப்பவர்தாம் இணைத்துக்கொள்ளவேண்டும்.

ஊர்காண் காதையின் கடைத்தெருக்கள் நின்று பார்க்கத் தக்கவை. மணிக்கடை வீதியில் வயிரத்துக்குரிய நான்கு குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று புலவர் பெயர் சொல்லி அடுக்குகிறார். காகபாதம் என்பது காக்கையின் கால் போன்ற கீற்று, களங்கம் கறை, விந்து புள்ளி, ஏகை கோடு. பொற்கடையில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நால்வகைப் பொன். எந்தப் பொன் எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் தடுமாறாதபடி கொடிகள் நாட்டியிருக்கின்றனர். அறுவைக் கடையில், அறுவை என்பது துணி, பருத்தியிலும் மயிரிலும் பட்டிலும் நெய்த மடிகள் நூறு நூறாக அடுக்கியிருக்கின்றன. கூலக் கடையில், கூலம் என்பது தானியம், தராசும் பறை அம்பணம் முதலிய முகத்தலளவைகளும் ஏந்தியவர்கள் மிளகு மூட்டைகளுக்கிடையே திரிகின்றனர்.

ஒரு நுட்பம் இங்கு உண்டு. மாசாத்துவானின் மகன் கோவலன், மணியும் பொன்னும் தெரிந்த குடியில் பிறந்தவன், மணியின் குற்றம் பார்க்கும் தெருவில் நடக்கிறான். ஆனால் எந்தக் கடையிலும் அவன் விலை கேட்பதில்லை. சிலம்பை எங்கே விற்கலாம் என்று எவரிடமும் உசாவுவதில்லை. பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான், அவ்வளவே. வணிகனாக வந்தவன் அந்த ஒரு பகல் முழுவதும் சுற்றுலாப் பயணியாக இருந்துவிட்டான். அன்று அவன் உசாவியிருந்தால், மறுமுறை தெருவில் எதிர்ப்பட்ட முதல் ஆளிடம், நூறு பொற்கொல்லர் பின்தொடர வந்த அரண்மனைக் கொல்லனிடமே, சிலம்பைக் காட்டவேண்டிய நிலை வந்திராது என்று வாதிடுவதற்கு இடமுண்டு.

பொருள்வாரியாகத் தெருவைப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை மதுரை இன்றும் விடவில்லை. நகைக்கடைகளுக்குத் தெற்காவணி மூல வீதி, பலசரக்கு மொத்த வணிகத்துக்குக் கீழமாசி வீதி, துணிக்கு விளக்குத்தூண் என்று உள்ளூரார் சொல்வதை வைத்துக்கொண்டு, காப்பியத் தெருக்களே இவை என்று முடிவு கட்டுவது பொருந்தாது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர்களோடு விரியும் இன்றைய வீதியமைப்பு நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது; பழைய கோட்டைச் சுவர் 19-ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்தபோது இடிக்கப்பட்டு வெளி வீதிகளானது. சிலம்பின் மதுரை இதே இடத்தில்தான் இருந்ததா என்பதிலேயே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வு அவ்விவாதத்துக்குப் புதிய தீனி தந்திருக்கிறது.

கல்வெட்டுச் சான்றுகள் இன்னும் நெருக்கமானவை. அழகர்மலையில் கிடாரிப்பட்டிக்கு அருகே உள்ள குகைத்தளத்தில், சமணத் துறவியருக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோரோடு மதுரைப் பொன்கொல்வன் ஒருவனும் அவ்வரிசையில் இருக்கிறான். மீனாட்சிபுரம் மலையில் உள்ள மாங்குளம் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்ற பெயரும் துறவிக்குக் கொடையளித்த செய்தியும் வருகின்றன. அவன் காப்பியத்துப் பாண்டிய மன்னனான நெடுஞ்செழியன் அல்லன், காலத்தால் முந்திய இன்னொருவன் என்பதே பொதுக்கருத்து. ஆயினும் ஒரு பொற்கொல்லனின் பொய்யாலும் ஒரு நெடுஞ்செழியனின் அவசரத்தாலும் அழிந்ததாகக் காப்பியம் சொல்லும் ஊரில், கல் மட்டும் ஒரு பொற்கொல்லனையும் ஒரு நெடுஞ்செழியனையும் துறவியருக்கு இடம் கொடுத்த கொடையாளராகக் காத்து வைத்திருக்கிறது. கவுந்தியடிகள் அறம் கேட்கத் தேடி வந்தது இத்தகைய பள்ளிகளையே எனக் கொள்ளலாம்.

ஊர் பார்த்துத் திரும்பிய கோவலன், மதுரையின் சிறப்பையும் பாண்டியனின் ஆட்சியையும் கவுந்தியிடம் விரித்துரைக்கிறான். கவுந்தியிடம் என்றே நூல் சொல்கிறது. கண்ணகியிடம் அவன் என்ன சொன்னான், அவள் எதையாவது கேட்டாளா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. துறவியர் இருக்கை இல்லறத்தாருக்கு ஏற்றதன்று என்பதால், இயக்கி என்னும் பெண்தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பிய இடையர்குல மூதாட்டி மாதரியிடம் கவுந்தி கண்ணகியை அடைக்கலம் தருகிறார். மாதரி மாலை வேளையில், கன்றை நினைத்துக் கதறும் பசுக்களுக்கும், தோளில் ஆட்டுக்குட்டியும் கோடரியும் உறியும் சுமந்து வரும் இடையருக்கும், வளையணிந்த ஆய்ச்சியருக்கும் நடுவே, காவற்காட்டையும் அகழியையும் மதிலையும் கடந்து அவளைத் தன் மனைக்கு அழைத்துச் செல்கிறாள். மதிலின்மேல் இருந்த பொறிகளைப் புலவர் இங்கே நீளமாகப் பட்டியலிடுகிறார்: தானே வளைந்து அம்பு எய்யும் வில், கல்லை எறியும் கவண், கொதிக்கும் நெய்க்கும் உருக்கிய உலோகத்துக்குமான கொப்பரைகள், பகைவரைக் கோத்திழுக்கும் தூண்டில். அந்த ஒரு மாலைதான் கண்ணகி அமைதியாக மதுரைக்குள் நுழைந்த வேளை. கணவனோடு கிழக்கு வாயில் வழியாக வந்ததாக அவளே பின்னர் சொல்வதால், இருவரும் சேர்ந்து கண்ட மதுரை என்பது அந்தி மங்கலில் தெரிந்த இந்த மதிலும் அதன் கொலைக்கருவிகளும் மட்டுமே என்றாகிறது. வயிரக் குற்றம் பார்க்கும் தெருவை அவள் கண்டதில்லை. அவள் தெருக்களில் இறங்கியபோது கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது, கணவன் இல்லை.

எனினும் இருவருக்குமான மதுரை ஒன்று இருந்தது. அது மாதரி ஒதுக்கித் தந்த சிறு மனை. பகலில் மட்டும் உண்ணும் சமண இல்லறத்தார் என்பதால் காலந்தாழ்த்தாமல் புதிய சமையற்கலங்களைக் கொண்டுவரச் சொல்கிறாள் மாதரி. தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தூண் நங்கையாக, இன்றைய வழக்கில் நாத்தனாராக, முறை வைத்துத் துணைக்கு நிறுத்துகிறாள். முன்பின் அறியாத ஊரில் முதல் நாளே ஓர் உறவுமுறை கிடைத்துவிடுகிறது. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், நெல்லரிசி, பால், நெய் என்று ஆயர் தந்த பொருள்கள் வந்து சேர்கின்றன. காய் நறுக்கிக் கண்ணகியின் விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, ஐயை மூட்டித் தந்த வைக்கோல் தீயில் கண்களும் சிவக்கின்றன. பனையோலைத் தடுக்கில் கணவனை அமர்த்தி, அவன் அடிகளைக் கழுவி, தரையில் நீர் தெளித்துத் தடவி, வாழைக் குருத்தை விரித்து உணவு படைக்கிறாள். உண்டபின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். மாளிகையில் பிறந்து, மாளிகையிலேயே மணந்து, பின் கணவனைப் பிரிந்து வாழ்ந்தவள் இவ்வாறு தன் கையால் அவனுக்குச் சமைத்துப் பரிமாறுவதை இக்காப்பியம் காட்டும் இடம் இது ஒன்றே. காப்பியத்தில் இவ்விருவருக்கும் இல்லறம் என்று சொல்லத்தக்க காட்சி இதைவிட முழுமையாக வேறெங்கும் அமையவில்லை. அதற்கு அவர்கள் முப்பது காதம் நடக்கவேண்டியிருந்தது.

உண்டு முடித்த கோவலன், எழுக என்றவுடன் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்தாய் என்று வருந்துகிறான். கண்ணகி, அவன் ஒழுக்கம் போற்றத் தக்கதாக இருக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவன் சொல்லை மாற்றாத மனம் தன்னுடையது என்பதால் எழுந்ததாக விடை தருகிறாள். மனையில் வேறு எவரும் இல்லாததால் அவளைத் தழுவிக்கொண்டு, கண்ணீரை மறைத்துக்கொண்டு, சிலம்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் புறப்படுகிறான். தெருவில் திமிலுடைய ஏறு ஒன்று அவன்மீது பாய வருகிறது. ஆயர் குலத்தார் கண்டிருந்தால் அதைத் தீநிமித்தம், அதாவது தீமையை முன்னறிவிக்கும் குறி என்று தடுத்திருப்பர். வணிகர் குலத்தானுக்கு அது தெரியாது.

அதன் பின் நடந்ததைத் தமிழ்நாட்டில் விரித்துரைக்கத் தேவையில்லை. கோவலன் கொல்லப்பட்ட இடம் என்று மதுரையின் தெற்கே பழங்காநத்தம் பகுதியில் கோவலன் பொட்டல் சுட்டப்படுகிறது; தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகள், அதாவது இறந்தோரை வைத்துப் புதைத்த பெரிய மட்கலங்கள், கிடைத்தன. காப்பியத்துக்கு முந்திய காலத்து இடுகாடு ஒன்றின்மேல் காப்பியத்தின் மரணம் ஊர்வழக்கால் ஏற்றப்பட்டிருக்கிறது என்று கொள்வதே தகும். இறந்தோருக்கென்று முன்பே விடப்பட்ட நிலத்தைத்தான் மக்கள் அவனுக்கு ஒதுக்கியிருக்கின்றனர்.

மதுரையைக் கடைசி ஊராக எண்ணாமல் வந்து அவ்வாறே ஆக்கிக்கொண்டவர்கள் கோவலனோடு முடியவில்லை. செய்தி கேட்ட மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். இதற்கு மாறாக, 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாதி உலகைச் சுற்றிய இபின் பதூதா மதுரைக்கு வந்தபோது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. மதுரைச் சுல்தான் கியாத்துதீன் அவருக்குச் சகலை முறை, இருவர் மனைவியரும் உடன்பிறந்தோர். அந்த உறவும் அவரை அங்கே நிறுத்தவில்லை. தமக்கும் காய்ச்சல் கண்டு தேறியதும் ஊரைவிட்டுப் புறப்படுவதிலேயே குறியாக இருந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

கண்ணகியின் பயணமோ முடிந்திருக்கவில்லை. கொற்றவை கோயில் வாயிலில் வளையல்களை உடைத்து, கணவனோடு கிழக்கு வாயிலில் புகுந்தவள் மேற்கு வாயிலில் தனியே வெளியேறுவதாகச் சொல்லி, இரவு பகல் பாராமல் வையையின் ஒரு கரையைப் பற்றி நடந்து நெடுவேள் குன்றத்தில் ஏறுகிறாள். தொல்காப்பியக் கணக்கை இங்கே மீண்டும் கொண்டுவந்தால், புகாரின் நெய்தலும் காவிரியின் மருதமும் மாதரியின் முல்லையும் கடந்தபின் எஞ்சியிருந்த நான்காவது உலகம் குறிஞ்சி. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து உருவானதாகக் காப்பியமே சொல்லும் பாலையையும் அவள் இடையில் கண்டுவிட்டாள். இருவராகத் தொடங்கிய சுற்று, கடைசி உலகில் ஒருத்தியால் நிறைவு பெறுகிறது. பதினான்காம் நாள் கோவலன் வானுலகிலிருந்து வந்து அவளை அழைத்துச் சென்றதைக் குன்றக் குறவர் கண்டனர்.

நெடுவேள் குன்றம் எது என்பதில் உரையாசிரியர் காலம் முதலே வேறுபாடு உண்டு. புகாரிலிருந்து இவ்வழி முழுவதையும் நடந்தே ஆராய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கூடலூருக்கு மேலே தமிழ்நாடும் கேரளமும் எல்லை கொள்ளும் மலையில் உள்ள மங்கலதேவி கோட்டமே அது என்று 1963-இல் அடையாளம் காட்டினார். வனவிலங்குக் காப்பகத்துக்குள் அமைந்த அக்கோயில் பொதுமக்களுக்கு ஆண்டில் சித்திரை முழுநிலா நாளில் மட்டும் திறக்கிறது. அன்று குமுளியிலிருந்து ஜீப்புகளிலும், பளியங்குடி வழியாகக் கால்நடையாகவும், வளையலும் மஞ்சள் கயிறும் பூவுமாக மக்கள் மலை ஏறுகின்றனர். அதே முழுநிலா நாளின் விடியலில் கீழே மதுரையில், மாங்காட்டு மறையவன் காட்டிய இடப்பக்க வழியிலிருக்கும் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் இறங்கி வந்து, அணையில் திறந்துவிட்ட நீர் முழங்கால் அளவு ஓடும் வைகையில் எழுந்தருளுகிறார். இரு கரைகளிலும் நிற்கும் இலட்சக்கணக்கானோரில் பலர் அன்று மாலைக்குள் கூடலூர்ப் பேருந்தைப் பிடிக்க முடியுமா என்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பர், ஆனால் மலைக்கோயிலின் வாயில் அதற்குள் மூடப்பட்டுவிடும்.